'சன்மி-பாப்' என்று தனியாக ஒன்று இருக்கிறதா, ரசிகர்கள் கிளப்பிவிட்ட பேச்சா?

இருக்கிறது. தன் பாட்டுகளின் பாணிக்கு அந்தப் பெயரைக் கொரியப் பாடகி சன்மியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "என்ன பெரிசா இருக்கு?" என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பல வருஷமாகக் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். கொரியப் பாட்டெல்லாம் அண்ணன் மகள் புண்ணியத்தில் காதில் விழுந்ததுதான். ஒரு லீவு நாளில் "சித்தப்பா, இதை வாசிச்சுக் காட்டுங்க" என்று போனை நீட்டினாள். பாட்டு 'சைரன்'. இரண்டு தடவை கேட்டதும் மெட்டு பிடிபட்டது, வலது கையில் வாசித்தும் விட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "மெட்டு சரி சித்தப்பா, ஆனா பாட்டு இது இல்ல." எனக்கும் ஏதோ குறைவது தெரிந்தது, எது என்றுதான் தெரியவில்லை. போனை எடுத்துக் கச்சேரி ஆம்ப்பில் செருகிப் போட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. அடியில் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. போன் ஸ்பீக்கர் அதை அப்படியே விழுங்கியிருந்தது. இடது கையில் அந்த பேஸை எடுத்ததும் அவள் தலை தானாக ஆடியது.

என் கணக்கில் சன்மி-பாப் என்பதே அந்த இடது கைதான். அது அவருக்கு எப்படி வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது.

ஒண்டர் கேர்ள்ஸ் என்ற பெண்கள் பாப் குழுவில் 2007இல் அறிமுகமானபோது சன்மிக்கு வயது 14. 'டெல் மீ', 'சோ ஹாட்', 'நோபடி' என்று வரிசையாக ஹிட். எல்லாம் குழுவை நடத்திய இசை நிறுவனத்தின் தலைவர் பார்க் ஜின்-யங் போட்ட மெட்டு. 'நோபடி' 2009 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 76ஆம் இடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியலுக்குள் ஒரு கொரியக் குழு நுழைந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சூட்டிலேயே, 2010 தொடக்கத்தில், படிப்பைத் தொடர வேண்டும் என்று சன்மி குழுவைவிட்டு விலகினார்.

2013இல் '24 ஹவர்ஸ்' பாட்டோடு தனியாகத் திரும்பி வந்தார். மேடையில் வெறுங்காலோடு ஆடினார், ஊரே பேசியது. அடுத்த வருஷம் 'ஃபுல் மூன்'. இரண்டும் நன்றாகவே ஓடின. ஆனாலும் கேட்கும்போது, வேறு யாரோ துணி எடுத்து, வேறு யாரோ அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரிதான் எனக்குப் படும். சட்டை கச்சிதம், அதில் குறை சொல்ல முடியாது.

திருப்பம் 2015இல். ஒண்டர் கேர்ள்ஸ் நான்கு பேராக, ஒரு பேண்டாகத் திரும்பினார்கள். யூபின் டிரம்ஸ், யேயுன் கீபோர்டு, ஹேரிம் கிடார், சன்மி பேஸ் கிடார். 'ரீபூட்' என்ற அந்த ஆல்பம் முழுக்க எண்பதுகளின் சின்த் (சின்தசைசர்) வாசனை. டைட்டில் பாட்டு (ஆல்பத்தை முன்னிறுத்துகிற முக்கியப் பாட்டு) மட்டும் பார்க் ஜின்-யங்குடையது, மற்றவற்றில் பெண்களின் கை இருந்தது. "சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்" என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டல் இருக்கட்டும். பேஸ் கையில் எடுத்தவன் பாட்டைக் கேட்கிற விதமே மாறிவிடும், இது எங்கள் குழுவிலேயே நான் பார்த்தது. பாடகன் மேலே மெட்டைக் கேட்பான். பேஸ் வாசிக்கிறவன் டிரம்ஸின் கிக் எங்கே விழுகிறது, கார்டு (சுரக்கூட்டு) எங்கே மாறுகிறது என்று கீழேயிருந்து கேட்பான்.

2016இல் 'ஒய் சோ லோன்லி'. ஜமைக்காவின் ரெக்கே இசைச் சாயலில் ஒரு சோம்பேறித்தனமான, அழகான பாட்டு. அதை எழுதியதில் சன்மிக்கும் ஹேரிமுக்கும் பங்கு உண்டு. அந்தக் குழுவின் டைட்டில் பாட்டு ஒன்று பார்க் ஜின்-யங் கையைவிட்டு வெளியே போனது அதுதான் முதல் முறை, அதுவும் கொரியப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. 2017 தொடக்கத்தில் குழு கலைந்தது. கொரியாவில் நிறுவன ஒப்பந்தமே ஏழு வருஷம்தான் என்பதால் பத்து வருஷம் தாண்டினாலே அங்கே சீனியர் ஆர்டிஸ்ட். இருபத்தைந்து வயதுகூட ஆகாத சீனியர்!

அந்த ஆகஸ்ட்டில் வந்தது 'காஷினா'. விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி ஆடுவாரே, அதுதான். தலைப்பே ஒரு சிலேடை: "போகிறீர்களா?" என்றும் கேட்கலாம், வட்டார வழக்கில் "பொண்ணு" என்றும் கேட்கலாம், முள் என்ற சொல்லும் உள்ளே ஒளிந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் "சன்மி தன்னைக் கண்டுபிடித்த பாட்டு" என்று இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது தயாரிப்பாளர் டெடியின் பட்டறையில் வார்த்த பாட்டு. வரிகளில் சன்மிக்குப் பங்கு உண்டு என்றாலும் ஒலியைக் கேட்டதும் டெடி முகம்தான் எனக்குத் தெரியும். 2018 ஜனவரியில் வந்த 'ஹீரோயின்' பாட்டும் அதே வழி.

இரண்டும் ஓடிய பிறகு மூன்றாவதையும் அங்கேயே வாங்குவதுதான் யாரும் செய்யக்கூடியது. சன்மி பெட்டியைத் திறந்து பழையதை எடுத்தார். ஒண்டர் கேர்ள்ஸ் பேண்டுக்காக ஃப்ரான்ட்ஸ் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து போட்டு, அங்கே பொருந்தாமல் கிடந்த மெட்டு அது. 2018 செப்டம்பரில் 'சைரன்' என்று வெளிவந்தது. 'வார்னிங்' என்ற மினி ஆல்பத்தின் டைட்டில் பாட்டு. சைரன் என்றால் அபாயச் சங்கு, கிரேக்கக் கதையில் பாடி இழுத்து மாலுமிகளைக் கொல்கிற பெண்ணும்தான். "கிட்டே வராதே" என்கிறது பாட்டு, மெட்டோ வா வா என்று இழுக்கிறது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். சன்மிக்குப் பெரிய குரல் கிடையாது. கொரியாவில் மேல் ஸ்தாயியில் போய் உடைக்கிற பாடகிகளுக்குத்தான் மரியாதை. இவர் குரல் மெல்லிசு, காற்று கலந்தது, கொஞ்சம் சலிப்புத் தட்டின மாதிரி இருக்கும். மற்றவர்கள் போட்ட பாட்டில் அது குறையாகத் தெரிந்தது, அதை மூடத்தான் ஏற்பாடெல்லாம். தன் பாட்டில் அவர் பாரத்தை பேஸ் மேல் தூக்கி வைத்துவிட்டார். மைனர் ஸ்கேல், துரிதமான தாளம், எண்பதுகளின் சின்த், கீழே ஓடுகிற பேஸ், அதன்மேல் கத்தாமல் முணுமுணுக்கிற குரல். காலுக்கு ஆட்டம் வரும், மனசு கனக்கும். 2019 மார்ச்சில் வந்த 'நுவார்' இன்னும் ஒரு படி கீழே போய்க் கிட்டத்தட்ட காதோடு பேசுகிறது. லைக்குக்காக எதையும் செய்கிற பித்தைக் குத்திக்காட்டும் வீடியோ.

அதே வருஷம் ஆகஸ்ட்டில் வந்த 'லாலாலே' எனக்கு ரொம்பப் பிடித்தது. உலகச் சுற்றுப்பயணத்தில் மெக்சிகோவில் இருந்தபோது தோன்றிய பாட்டாம். ஆனால் நடுவில் கீச்சென்று ஒரு குழல் ஒலி வரும், அது பக்காக் கொரியா. "சித்தப்பா, நாதஸ்வரம்!" என்று கத்தினாள் அண்ணன் மகள். தப்பில்லை, ஒன்றுவிட்ட உறவுதான். தேப்யோங்சோ என்ற வாத்தியம், நாதஸ்வரம் போலவே இரட்டைச் சீவாளி, விரிந்த வாய், ஊரைக் கூட்டும் சத்தம். அதற்கு நாட்டுப்புறப் பெயர் நல்லாரி. ஊர் சுற்றிக்கொண்டு ஆட்டம் போடுகிற ஆளையும் கொரியப் பேச்சில் நல்லாரி என்பார்கள். பாட்டின் கொரியத் தலைப்பு இந்தச் சொல்தான், இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

2020 ஜூனில் வந்த பாட்டு 'போராப்பிப்பாம்'. ஊதா நிற இரவு என்று பொருள். எழுத்தில் வேறு மாதிரி வரும் சொல்லை, வாயில் புணர்ந்து ஒலிக்கிறபடியே தலைப்பாக எழுதிவிட்டார். இதுவும் ஃப்ரான்ட்ஸோடு சேர்ந்து போட்டது, சிட்டி பாப் என்கிற பழைய ஜப்பானிய நகர்ப்புறப் பாப் சாயல். முந்தைய பாட்டுகளின் இருட்டு இதில் இல்லை, குரல் மிதக்கிறது. இருந்தும் கண்ணை மூடிக் கேட்டால் இது யார் பாட்டு என்று சொல்லிவிடலாம். முத்திரை என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்.

எல்லாம் ஆஹா ஓஹோ என்று சொல்லவில்லை. 2021இல் வந்த 'யூ கான்ட் சிட் வித் அஸ்' பளபளப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். 2023இன் 'ஸ்ட்ரேஞ்சர்' ஒரே பாட்டுக்குள் தாளமும் ரகமும் மாறிக்கொண்டே போகும். முதல் தடவை கேட்டபோது மூன்று பாட்டைத் தவறுதலாக ஒட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். இப்போது பிடிக்கிறது, ஆனால் கச்சேரிக்கு இதை யாராவது கேட்டால் நான் வர மாட்டேன்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி: 'ரீபூட்' ஆல்பத்தின் டைட்டில் பாட்டான 'ஐ ஃபீல் யூ'வைப் போடுங்கள், முடிந்ததும் இடைவெளி விடாமல் 'சைரன்'. மெட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஹெட்போன் இல்லையென்றால் கார் ஸ்பீக்கர் போதும்.