வீதிக்கோடு போடும் குழுவுக்கு மகன் பொறுப்பாளராகலாமா?

அன்புள்ள அம்மா,

நான்கு வருடமாக வீதிக்கோடு போடும் வேலை செய்யும் உங்கள் மகனை இப்போது குழுவுக்குப் பொறுப்பாளராகக் கேட்கிறார்கள், காலி வீதியில் இரவு வேலை, உங்களுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. முதுகுக்குப் பின்னால் வாகனம், முன்னால் 200 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும் பொய்லர். இரண்டையும் அடக்கி வேலை செய்யலாம், ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் பொறுப்பாளர் கையில் இருக்க வேண்டும். ஆகவே சம்பளம் பேச முதல் மகன் கம்பனியிடம் ஒன்றைக் கேட்கட்டும்: மழை வந்தால், வாகனங்களைக் கொடி காட்டி மறிக்கும் கொடிக்காரர் வராவிட்டால், ஆட்களுக்கு மறைப்பாகப் பின்னால் நிற்கும் காவல் லொறி இல்லாவிட்டால் நான் வேலையை நிறுத்தலாமா? பதில் எழுத்தில் வர வேண்டும்.

அந்த லொறி இல்லாமல் ஓடும் வீதியில் இறங்கவே கூடாது. எச்சரிக்கைப் பலகை முதலில், பிறகு சரிவாகக் கோன்கள், அதன்பின் லொறி, கடைசியாகத்தான் ஆட்கள். எடுக்கும்போது இதே ஒழுங்கைத் திருப்பிச் செய்ய வேண்டும். வேலை முடிந்த களைப்பில் பலகையை முதலில் எடுத்துவிடுவார்கள்; அந்தக் கடைசி நிமிடங்களில்தான் ஆட்கள் மறைப்பில்லாமல் நிற்கிறார்கள். கொழும்பில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் கோன்களுக்கு இடையால் நுழையும். சந்திக்குக் கிட்ட இடைவெளியைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பொய்லரில் உருகுவது தேர்மோபிளாஸ்டிக், அதாவது பையில் வந்து, சூட்டில் உருகி, ஆறியதும் இறுகும் கோட்டுப் பொருள். பொதுவாக 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சரியான எல்லை பையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் வெள்ளை பழுத்து மஞ்சளாகும், கோடு நொறுங்கும். சூடு குறைந்தால் தாரில் ஒட்டாது. நனைந்த பையைக் கொட்டினால் ஈரம் ஒரே நொடியில் நீராவியாகிக் குழம்பை முகத்தில் தெறிக்க வைக்கும். அதனால் முகம் முழுவதையும் மூடும் ஒளிபுகும் கவசம், தோல் கையுறை, நீண்ட கைப் பருத்திச் சட்டை கட்டாயம். நைலோன் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குழம்பு பட்டுவிட்டால் பிய்க்கவே கூடாது: 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே லொறியில் தண்ணீர்த் தாங்கி இல்லாமல் பொய்லரை மூட்டக் கூடாது. காஸ் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்ப்பதும் தினசரி வேலை.

கோடு கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மழை விட்டு மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரியும், தாருக்குள் தண்ணீர் இருக்கும். சூடு பட்டதும் கொப்புளம் எழும்பும். ஒரு பொலித்தீன் துண்டின் ஓரங்களை வீதியில் ஒட்டி 15, 20 நிமிடம் விட்டுப் பார்த்தால் அடியில் வியர்த்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணாடி மணிகளைக் குழம்பு விழுந்த உடனே தூவ வேண்டும், பொதுவாகச் சதுர மீற்றருக்கு 400 முதல் 500 கிராம். மணி பாதிக்குச் சற்று மேல் புதைந்தால்தான் இரவில் மின்னும். குழம்பு மிகச் சூடாக இருந்தால் மணி முழுக்கத் தாழ்ந்துவிடும், ஆறிவிட்டால் மேலே நின்று உதிரும்.

பொறுப்பாளருக்குக் கணக்கும் வேண்டும். 10 சென்ரிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் ஒரு கிலோமீற்றர் தொடர்கோட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ, அதாவது 25 கிலோப் பை 24. பைக்கணக்கு அதைவிடக் குறைந்தால் கோடு மெலிந்துவிட்டது என்று பொருள். கோட்டை ஒரு தகட்டில் போட்டு எடுத்துத் தடிப்பை அளந்து பார்க்க அவர் பழகட்டும்.

குழுவில் சிங்களம் பேசுபவர்களும் இருப்பார்கள். “நில்”, “விலகு”, “சூடு” என்ற கட்டளைகள் இரு மொழியிலும் எல்லோர் வாயிலும் வர வேண்டும். மகனுடைய சிங்களம் தடுமாறினால் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. பதவிக்கும் அது உதவும்.

நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதா என்று பாருங்கள்: அவரிடமிருந்து 8 சதவீதம், கம்பனியிடமிருந்து 12, அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3. நாட்கூலி என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். இந்த நான்கு வருட அனுபவத்தை முன்கற்றல் அங்கீகாரமாகக் காட்டி என்.வீ.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டா, எந்தத் தொழிற்பிரிவில், எந்த மட்டத்தில் என்று ராஜகிரியவில் உள்ள நைட்டா எனும் அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். போகும்போது சம்பளச் சீட்டுகளையும் சேவைக் கடிதத்தையும் எடுத்துப் போகட்டும்.