ஒரே ‘அசைன்’, மூன்று அர்த்தங்கள்: எதில் கவனம் வேண்டும்?

கேள்வி: சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன், யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. ஒரு நிறுவனம் அனுப்பிய ஆங்கில ஒப்பந்தத்தில் ‘அசைன்’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. எனக்கு அசைன் செய்யும் வேலையை முடித்துத் தர வேண்டுமாம். படங்களின் எல்லா உரிமைகளையும் நான் ‘ஹியர்பை அசைன்’ செய்கிறேனாம். கடைசிப் பக்கத்தில், நான் எதையும் அசைன் செய்யக் கூடாதாம்! என் பழைய படங்கள் சிலவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடலாமா?

பதில்: இப்படியே போட வேண்டாம். மூன்றும் முரண்போலத் தெரிந்தாலும் முரண் இல்லை, மூன்று இடத்திலும் பொருள் வேறு.

முதல் இடத்தில் வேலையை ஒதுக்குவது என்று அர்த்தம். ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுப்பதும், ஒரு வழக்கை இன்ன நீதிபதி விசாரிப்பார் என்று ஒதுக்குவதும் இந்த வகைதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் விஷயமே. சட்டத்தில் அசைன் செய்வது என்றால், தன்னிடம் உள்ள உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. வங்கி தனக்கு வர வேண்டிய கடனை வசூலிக்கும் உரிமையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதும் இதுதான். லைசென்ஸ் கொடுத்தால் உரிமை உங்களிடமே இருக்கும், அவர்களுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும். அசைன் செய்துவிட்டால் வரைந்தவர் நீங்கள், சொந்தக்காரர் அவர்கள். நீங்கள் வரைந்த யானையையே நாளைக்கு வேறு புத்தகத்துக்குக் கொடுத்தால், அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

‘இதன் மூலம்’, அதாவது கையெழுத்துப் போட்ட உடனே என்று பொருள்படும் அந்த ‘ஹியர்பை’யையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர், தன் கண்டுபிடிப்புகளை அசைன் செய்யச் சம்மதிப்பதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு சீட்டஸ் என்ற நிறுவனத்தில் ஆய்வு செய்யப் போனபோது, ‘இதன் மூலம் அசைன் செய்கிறேன்’ என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டார். முதலாவது வெறும் வாக்குறுதி, இரண்டாவதில்தான் உரிமை கைமாறியது என்றது கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். 2011இல் உச்ச நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகம் தோற்றது. முதலில் எழுதி வாங்கியது பல்கலைக்கழகம்தான் என்பதைக் கவனியுங்கள்.

எழுதிக் கொடுத்த பிறகும் மிச்சமிருப்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி அசைன்மென்ட் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று நிறுவனங்கள் பார்த்துப் பார்த்து எழுதுவது சும்மா இல்லை! படைத்தவர் நான்தான் என்று கோரும் உரிமை, அசைன் செய்த பிறகும் 57ஆம் பிரிவின் கீழ் உங்களிடம் இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமையைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. ஆனால் ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ (வேலை கொடுத்தவரையே படைத்தவராகச் சட்டம் கருதுவது) என்ற வகைக்குள் வரும் படைப்புக்கு அந்த வழி கிடையாது. அந்தச் சொற்கள் உங்கள் ஒப்பந்தத்திலும் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது இடத்தில், இந்த ஒப்பந்தத்தை வேறொருவர் தலையில் கட்டக் கூடாது என்கிறார்கள். உங்களை நம்பித்தானே வேலை கொடுக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அதே தடை அவர்களுக்கும் உண்டா? பெரும்பாலும் இருக்காது. இருவருக்கும் பொருந்தும்படி எழுதச் சொல்லுங்கள்.

சரி, என்ன கேட்கலாம்? முதலில் லைசென்ஸ் போதுமா என்று கேளுங்கள். மறுத்தால், முழுப் பணமும் உங்கள் கைக்கு வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி சேருங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ‘ஹியர்பை’ உங்கள் பணத்துக்காகக் காத்திருக்காது. பழைய படங்களைத் தனிப் பட்டியலாக இணைத்து, அவற்றுக்கு லைசென்ஸ் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் வேலையின் மாதிரியாக இந்தப் படங்களை மற்றவர்களுக்குக் காட்டும் அனுமதியையும் கேட்டு வாங்குங்கள். அசைன் செய்த பிறகு அதுவும் அவர்கள் தயவுதான். அப்புறம், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டுங்கள்.