பிக்சர் டியூபும் வாத்து வேட்டையும்

அண்ணனுக்கு வணக்கம்.

பள்ளத்தூரில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வீட்டை வெள்ளையடிக்கத் திறந்தோம். இரண்டாம் கட்டு அறையில் அப்பச்சி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 29 அங்குல டியூப் டிவி இருந்தது. கூடவே சின்ன வயதில் நான் விளையாடிய டிவி கேம், துப்பாக்கியோடு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியிடம் அரசு கொடுத்த இலவச கலர் டிவியும் சும்மா கிடக்கிறது. கேமை எங்கள் எல்இடி டிவியில் மாட்டினேன். மரியோ ஓடுகிறான், துப்பாக்கிக்கு மட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. பழைய டிவிக்கு மெனக்கெடலாமா? “எல்லாம் பழைய நினைப்பு, காயலான் கடைக்குப் போடு” என்கிறான் தம்பி.

மெ., பள்ளத்தூர்

அன்புள்ள மெ.,

பழைய நினைப்பு கொஞ்சம் இருக்கட்டும், அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தம்பி விஷயத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறார். அந்த கேமுக்கு டியூப் டிவி வெறும் திரை இல்லை, இயந்திரத்தில் பாதி.

துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘டக் ஹண்ட்’ என்ற வாத்து வேட்டை கேமில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வாய்க்குள் இருக்கும் ஒளி உணரி, கறுப்புக்குப் பின் வெளிச்சம் வந்ததா என்று மட்டும் பார்க்கும். இரண்டு வாத்து பறந்தால் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து காலி. முதலில் கறுப்பைக் காட்டுவது, டியூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்க்கும் நம்மைப் போன்ற ஆட்களுக்காக.

நான் ‘கணம்’ என்பது ஒரு நொடியில் ஐம்பதிலோ அறுபதிலோ ஒரு பங்கு. எல்இடி டிவி வந்த படத்தை வாங்கி, தன் அளவுக்குப் பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். கேம் ‘குறி தப்பியது’ என்று முடிவு கட்டியபிறகு வெள்ளைக் கட்டம் வந்து என்ன பயன்? டியூப் டிவியில் சிக்னல் வர வர எலக்ட்ரான் கற்றை வரி வரியாக வரைந்துகொண்டே போகும். மரியோவைப் பள்ளம் தாண்ட வைக்கும்போது விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதோ பிசகுகிறதே, அதுவும் இதே தாமதம்தான்.

படமும் அப்படித்தான். சாதாரண ஒளிபரப்பு ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாக மாறி மாறி வரும். இந்த கேம் பெட்டிகள் ஒரே வரிகளின் மேல் திரும்பத் திரும்ப வரையும். வரிகளுக்கு இடையில் மெல்லிய கறுப்புக் கோடு நிற்கும். புது டிவிகள் பல இதை ஒளிபரப்பு என்று நினைத்து இரண்டு பாதிகளை ஒட்டப் பார்க்கின்றன. அடிபட்டவன் மின்னி மின்னித் தெரியும் இடத்தில் உருவம் சீப்புப் பல் மாதிரி கிழிந்துபோகும். சேகா நிறுவனத்தின் ‘சோனிக்’ கேமில் (1991) வரும் அருவி, உண்மையில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள். படத்தை டிவிக்குக் கொண்டுவரும் ஒயரின் மஞ்சள் பின் வழியாக வரும் சிக்னலில் அவை கலங்கி, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். இதில் புகழ் டியூபைவிட அந்த மட்டமான ஒயருக்கே போக வேண்டும்.

சரி, எந்த டிவி? அப்பச்சி கொண்டுவந்தது என்பதால் மனம் 29 அங்குலத்தின் பக்கம் சாயும். முகப்பிலோ பின்பக்கமோ ‘100 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப் டிவியின் கடைசிக் காலத்தில் வந்த விலையுயர்ந்த செட்டுகள் அவை. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று படத்தை உள்ளே சேமித்து இரு மடங்கு வேகத்தில் காட்டும். ஆக அதிலும் துப்பாக்கி வேலை செய்யாது. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கொடுத்த 14 அங்குலத்தில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆச்சியிடம் ‘சும்மா கிடக்கிறதே’ என்று வாங்கிவிடாமல் ஒரு விலை கொடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தூக்குக்கே பேரம் நடக்கிறது!

மஞ்சள் பின்னுக்குத் துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஏரியல் துளையில் கொடுத்துச் சேனல் தேடுங்கள், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். ஸ்டெபிலைசர் அவசியம். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். தூசி தட்டுவதென்றால்கூட டியூப் டிவி பார்த்துப் பழகிய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

காயலான் கடை யோசனை வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். செம்புக் கம்பிக்காக டியூபை உடைப்பார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 29 அங்குலத்தில் ‘100 ஹெர்ட்ஸ்’ இல்லாவிட்டால் இன்னொரு கடிதம் போடுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.