நான்கு ‘எஸ்’ எழுத்துகள்

கேள்வி: நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். இதுவரை மூன்று முறை போய்வந்தேன். மூன்று முறையும், விமானம் மாறும் இடத்தில் என்னை மட்டும் தனியே அழைத்து, கைப்பையைக் கொட்டிச் சோதித்தார்கள். உடன் வந்த மனைவியை விட்டுவிட்டார்கள். என் போர்டிங் பாஸில் ‘எஸ்’ என்ற எழுத்து நான்கு முறை அச்சாகியிருந்தது. அத்தனை பேர் முன்னால் கைகளை விரித்து நின்றது மனத்தை விட்டு அகலவில்லை. அக்டோபரில் பேத்தியின் பிறந்தநாள். போகாமலே இருந்துவிடலாமா?
— வாசகர், பொகவந்தலாவை, இலங்கை

பதில்: போங்கள் ஐயா. பேத்தியை நான்கு எழுத்துகளுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹட்டனில் 22 ஆண்டுகள் விமான டிக்கெட் போட்டுக்கொடுத்தவள் நான். தம்பி டெக்சாஸில் இருப்பதால் நீங்கள் நின்ற இடத்தில் நானும் நான்கு முறை நின்றிருக்கிறேன். ஒரு சிறு துணித்துண்டை என் உள்ளங்கையில் தேய்த்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரத்துக்குள் செருகினார் ஓர் அலுவலர். முடிவு வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தச் சில விநாடிகளில் எந்தத் தப்பும் செய்யாத எனக்கே நெஞ்சு படபடத்தது.

அந்த எழுத்துகளுக்கு மேலதிகச் சோதனைக்குத் தெரிவானவர் என்றுதான் பொருள். குற்றவாளி என்று பொருளில்லை. அமெரிக்கா செல்லும் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றை விமான நிறுவனம் முன்கூட்டியே அந்நாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். குலுக்கல் போலவும் சிலரைத் தெரிவு செய்வதுண்டு. மூன்றுக்கு மூன்று என்பதைக் குலுக்கல் என்று நான் நம்பமாட்டேன். உங்கள் பெயர் வேறு யாருடைய பெயரோடோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

பெயர் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரும் நம் பெயரும்தான். ஒரே பெயரில் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இரண்டு பேர் இருப்பார்கள். என் பிறப்பைப் பதிந்தவர் அப்பாவின் பெயரைக் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதினார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை, கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் இன்னோர் எழுத்து என்று ஆனது. அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே முதல் வேலையாக உங்கள் பழைய டிக்கெட்டுகளை எடுத்துக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிமேல் டிக்கெட்டில் இனிஷியல் வேண்டாம். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரே இருக்கட்டும்.

அடுத்து, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ‘டிஎச்எஸ் ட்ரிப்’ என்ற முறையீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையத்திலேயே செய்யலாம், கடவுச்சீட்டின் பிரதி வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. செய்துதருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள், மகளே செய்துவிடுவாள். ஏழு இலக்க எண் ஒன்று தருவார்கள். அதற்கு ‘ரிட்ரெஸ்’ எண் என்று பெயர். டிக்கெட் எடுக்கும்போதே அந்த எண்ணைப் பதியச் சொல்லுங்கள். கையில் வைத்திருந்து வாசலில் காட்டிப் பயனில்லை. முடிவு வர மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் இந்த வாரமே அனுப்புங்கள். இனிச் சோதனையே இருக்காது என்று அது உறுதி தராது. என் அனுபவத்தில், எண் வந்தபின் போன இரண்டு பயணங்களிலும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

டீ மேக்கர் என்றபடியால் கேட்கிறேன், மகளுக்கு டஸ்ட் தேயிலையைக் கைப்பையிலா கொண்டுபோனீர்கள்? அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் எதுவும் கைப்பையில் இருந்தால் தொல்லைதான். 2018 முதல் இந்த விதி இருக்கிறது. தேயிலை, மிளகாய்த்தூள் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். புறப்படும் நாளில் மரக்கறிப் பாத்திக்கு உரம் போடாதீர்கள். சில உரங்களின் துகள் கையில் இருந்தாலும் அந்த இயந்திரம் கத்தும். கிளிசரின் சேர்ந்த கிரீமும் அப்படித்தான்.

அந்த எழுத்துகள் விழுந்தால் இணையத்தில் போர்டிங் பாஸ் கிடைக்காது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும். முதல் நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். விமானம் மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள்.

எல்லோர் முன்னாலும் நின்றதுதானே உங்களை வாட்டுகிறது? அமெரிக்க விமான நிலையங்களில் தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம், துணைக்கு ஒருவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களிலும் கேட்டுப்பாருங்கள். உங்கள் மனைவி கூடவே வரட்டும்.