கொதிக்காத வெந்நீரும் குழந்தைகளையும் முதியவர்களையும் புண்ணாக்குவது ஏன்?

சூடான நீரோ ஆவியோ பட்டுத் தோல் வெந்துபோவதுதான் வெந்நீர்க் காயம். நீர் கொதிக்கவே வேண்டாம். 60 டிகிரி செல்சியஸ் என்றால் பெரியவர் தோலே சுமார் 5 விநாடியில் ஆழமாக வெந்துவிடும். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். அனலில் வாட்டினால் முற்றிய வாழையிலையைவிடக் குருத்து முந்திச் சுருளுமே, அப்படி மெல்லிய தோல். முதியவர்களுக்கும் தோல் மெலிந்திருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் சூடே உறைக்காது.

நெல்லைப் பக்கம் தீபாவளி எண்ணெய்க் குளியலன்று, வெந்நீர்ப் பானையைக் குளியலறையில் இறக்கிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போவார்கள். அந்த இடைவெளிதான் ஆபத்து. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். விளாவியதும் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பேஸ்ட்டும் தோசைமாவும் குளிர்ச்சி என்று பூசுவது தவறு. அவை காயத்தில் கிருமியைத்தான் சேர்க்கும்.