வாசகர் கேள்வி – பதில்: யார் சொன்ன கதை அது?

கேள்வி: உலகத்துப் புராணக் கதைகளை முறையாகப் படிக்க விருப்பம். ஆனால் ஒரே கதை இணையத்தில் நாலு விதமாகக் கிடக்கிறது. எதை உசாத்துணையாக வைத்துக்கொள்வது? கையில் இருப்பது போன் மட்டும்தான்.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நாலு விதமாக இருப்பதில் பிழையில்லை. யார், எப்போது சொன்னது என்று போடாமல் கலந்து தருவதுதான் பிழை. கிரேக்கக் கதையில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவையே எடுங்கள். கோயிலில் கெடுக்கப்பட்டு, அதற்குத் தண்டனையும் அவளுக்கே விழுந்து, கூந்தல் பாம்பாகிப்போன அழகி என்றுதான் காணொளிகள் சொல்லும். அது உரோமக் கவிஞர் ஒவிட் கி.பி. 8 அளவில் முடித்த ‘மெற்றமோர்போசஸ்’ காவியத்தில், நாலாம் பாகத்தின் கடைசியில் வருவது. அதற்கு ஏறக்குறைய 700 ஆண்டு முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியொட்டின் ‘தியோகொனி’யை 270ஆம் அடியிலிருந்து பாருங்கள். கோர்கன் சகோதரிகள் மூவரில் சாவுள்ளவள் மெடூசா மட்டுமே. கடல்தேவன் பொசைடன் அவளோடு கூடியது பூத்த புல்வெளியில். தண்டனை என்ற பேச்சே இல்லை.

கிரேக்கத்துக்கு ஒரே ஒரு நூல்தான் இறக்க முடியுமென்றால், அப்பொலோடோரஸ் பெயரில் வழங்கும் ‘பிப்லியோதேக்கா’வை இறக்குங்கள். ஜேம்ஸ் பிரேசரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1921, இரண்டு பாகம். மூலம் வறண்ட சுருக்கம்தான். சரக்கு முழுவதும் அடிக்குறிப்பில். ஒவ்வொரு கதையையும் வேறு யார் யார், எந்த நூலில், எத்தனையாம் அடியில் சொல்கிறார்கள் என்று அங்கே கிடைக்கும். உரிமைக்காலம் முடிந்த நூல், இலவசம். டேட்டாவை மிச்சம்பிடிக்க எழுத்துவடிவக் கோப்பை இறக்கினால் அடி எண்கள் சிதைந்து வரும். எண்ணை மட்டும் பக்கப் படத்தில் சரிபாருங்கள். ராபர்ட் கிரேவ்ஸின் 1955ஆம் ஆண்டு நூல் கதைக்குச் சுவை. விளக்கங்கள் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கற்பிதம்.

பாபிலோனியக் கதைகளுக்குப் பழைய நூல் சரிவராது. களிமண் பலகைத் துண்டுகள் புதிது புதிதாகக் கிடைப்பதால் முன்பிருந்த இடைவெளிகள் நிரம்பிக்கொண்டே வருகின்றன. கில்கமேஷ் என்ற அரசனின் காவியத்துக்கு அன்ட்ரூ ஜோர்ஜின் மொழிபெயர்ப்பு (1999) நல்லது. வெள்ளக் கதை 11ஆம் பலகையில். வட ஐரோப்பியத் தேவர்களான தோர், ஓடின் கதைகளை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லுசன் எழுதிவைத்தது 1220 அளவில். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இரண்டு நூற்றாண்டு ஆகியிருந்தது. அவரைத் தனியே நம்பாமல், பழைய பாடல்களின் தொகுப்பான ‘பொயெற்றிக் எட்டா’வோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒரு கொப்பியில் நாலு நிரல் போடுங்கள்: பெயர், சம்பவம், நூலும் அடி எண்ணும், காலம். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்தக் கதையை நம்பி எடுத்தாள வேண்டாம்.

கேள்வி: எங்கள் வற்றாப்பளை அம்மன் கதையையும் இப்படி ஆராயலாமா?
– மாணவன், முள்ளியவளை

பதில்: தாராளமாக. வற்றாப்பளை அம்மன் கண்ணகிதானே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மாநாய்கன் மகள்; சிங்களப் பத்தினி கதையில் மாங்கனியில் பிறந்தவள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கும் சங்கதி சிலம்பில் இல்லை, அது வற்றாப்பளையின் ஊர் வழக்கு. சிங்களப் பக்கத்துக்குக் கணநாத் ஒபயசேகரவின் பத்தினி வழிபாட்டு ஆய்வு (1984) இருக்கிறது. பருமனான நூல், பொருளகராதியைப் பிடித்துக்கொண்டு போங்கள். நம் பக்கத்துக்குக் ‘கண்ணகி வழக்குரை’ என்ற ஈழத்துக் கண்ணகி காவியம். பெயர்களில் தட்டுப்பட்டால் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ (1902), சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ (1910) என்ற கலைக்களஞ்சியங்கள் இரண்டையும் புரட்டுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதும்போது சொன்னவரின் ஊர், வயது, சொன்ன திகதி மூன்றையும் மூன்றாம் நிரலில் போடுங்கள்.