அமெரிக்க பர்பன் விஸ்கிகளை எப்படி ஒப்பிட்டு ரசிப்பது? விலை கூடினால் ருசியும் கூடுமா?

விலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அதில் மக்காச்சோளத்துக்கு அடுத்துச் சேர்ந்திருக்கும் இரண்டாவது தானியம் எது என்று பாருங்கள். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இத்தனை நாள் ருசித்ததில் எனக்கு உருப்படியாகப் பிடிபட்டது இதுதான்.

பர்பன் என்று பெயர் போடச் சட்டத்தில் கறாரான விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் தயாரித்திருக்க வேண்டும். தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் வேண்டும். உட்புறத்தைத் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ வாசனையோ ஒரு சொட்டுகூடச் சேர்க்க முடியாது. இந்தியாவில் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) ஸ்பிரிட்டில் செய்த விஸ்கியைக் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் வாயிலேயே தெரிவது இந்தப் பீப்பாய்தான். அந்த வெனிலா மணம், காய்ச்சிய சர்க்கரையின் வாசம், செம்பழுப்பு நிறம் எல்லாம் கருகிய மரம் கொடுத்தவை.

மக்காச்சோளமும் புதுப் பீப்பாயும் எல்லா பர்பனுக்கும் பொது. பார்லி மால்ட் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக் கொஞ்சம் சேர்வது. மிச்ச இடத்தில் ரை (rye, கோதுமைக்கு உறவான ஒரு தானியம்) சேர்ந்திருக்கிறதா, கோதுமை சேர்ந்திருக்கிறதா என்பதில்தான் குணம் பிரிகிறது.

அதைப் பிடிக்க நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். மேக்கர்ஸ் மார்க் ஒன்று, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் ஒன்று வாங்குங்கள். முன்னதில் மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14 சதவீதம். பின்னதில் ரை மட்டுமே 35 சதவீதம். ஆனால் மேக்கர்ஸ் 45 சதவீத ஆல்கஹால், ஃபோர் ரோசஸ் 50. அப்படியே குடித்தால் காரம் கூடுதலாகத் தெரிவது தானியத்தாலா ஆல்கஹாலாலா என்று குழம்பிவிடும். ஃபோர் ரோசஸ் 45 மில்லியில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, தண்ணீர் விடுங்கள். இரண்டும் 45 சதவீத ஆல்கஹாலுக்கு வந்துவிடும். ஐஸ் வேண்டாம்.

முகரும்போது வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மூக்கில் எரியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், பீப்பாய்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சின்ன வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படர விடுங்கள். கோதுமை சேர்ந்தது நாக்கின் முன்பகுதியிலேயே தித்தித்து, வெண்ணெய் தடவிய பன் மாதிரி மெத்தென்று இறங்கும். ரை சேர்ந்தது விழுங்கிய பிறகுதான் வேலையைக் காட்டும். மிளகும் கிராம்பும் கடித்தது போல ஓரத்தில் சுறுசுறுவென்று நிற்கும். இந்த வித்தியாசம் ஒரு தடவை பிடிபட்டால் பிறகு எந்த பர்பனையும் இந்த இரண்டுக்கு நடுவில் எங்கே வைப்பது என்று உங்களுக்கே தெரியும். என் நாக்கு ரை பக்கம் சாய்கிறது. 51 சதவீதமாவது ரை போட்ட ரை விஸ்கி அடுத்த படி.

லேபிளில் 'சவர் மாஷ்' என்று பார்த்து மயங்க வேண்டாம். முந்தைய வடிப்பில் மிஞ்சிய கழிநீரைப் புதுக் கூழில் கலந்து புளிப்பைச் சீராக வைக்கும் முறை அது. ஏறக்குறைய எல்லா ஆலைகளும் செய்கின்றன.

ஜாக் டேனியல்ஸ் பர்பனா என்றும் கேட்பார்கள். அது டென்னசி விஸ்கி. வடித்ததைப் பீப்பாயில் ஊற்றும் முன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். நிறுவனர் ஜாக் டேனியலுக்கு வடிக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் அடிமையாக வைக்கப்பட்டிருந்த நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பினத்தவர். 2016 வாக்கில்தான் நிறுவனம் இதைப் பரவலாகச் சொல்ல ஆரம்பித்தது. நூற்றாண்டுக்கும் மேலான தாமதம், எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் நண்பர்களுக்கு ஊற்றுகிறேன்.

இனி விலை. ஒரு கடையில் 15 வருட பர்பன் ஒன்றை, தயாரிப்பாளர் சொன்ன விலையைப் போல நான்கு மடங்கு கொடுத்து வாங்கினேன். வாயில் வைத்தால் மரம், மரம், மரம்தான். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் குளிர்ந்த ஊரில் ஊறுகிறது, பதினைந்து வருடத்தைத் தாங்கும். இங்கே பீப்பாய் புதிது, கோடை வெயில் கடுமை. கிடங்கின் மேல்தட்டில் சாராயம் விரிந்து மரத்துக்குள் ஆழமாகப் போய்வருகிறது. ஸ்காட்ச் பழக்கத்தில் வயதைப் பார்த்து வாங்கினால் பல சமயம் துவர்ப்புதான் மிஞ்சும்.

என் பணத்துக்கு 'பாட்டில்டு இன் பாண்ட்' எழுத்து போதும். கண்டதைக் கலந்து விற்றவர்களை அடக்க 1897ல் வந்த சட்டம் அது. ஒரே ஆலை, ஒரே பருவத்து வடிப்பு, குறைந்தது நான்கு வருடம், ஆல்கஹால் சரியாக 50 சதவீதம். எவன் வில்லியம்ஸ் (Evan Williams) வெள்ளை லேபிள் அந்த வகை, இங்கே விலை குறைவு, எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும்.

ஒப்பிட்டு முடித்த இரவில் கிளாஸ்களைக் கழுவிவிடாதீர்கள். காலையில் ஆல்கஹால் போயிருக்கும். அடியில் காய்ந்து ஒட்டியிருப்பதை முகர்ந்து பாருங்கள், இரவில் தெரியாத ஏதாவது ஒன்று அதில் இருக்கும்.